நீ புள்ளி போடாத போத்தல்

மச்சான்,

குசினித் தொட்டியில் ஒரு போத்தல் ஊறிக்கொண்டிருக்கிறது. கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பிப் போய், லேபிளின் மூலையை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு வருகிறேன். நெருடக் கூடாது, தானாகக் கழன்று வர விடவேண்டும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய். இருபத்திரண்டு வருசம் நீ லேபிள் கழற்றினாய், நான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கதை சொன்னேன். எங்களுடைய வேலைப் பங்கீடு அப்படி. இப்போது இரண்டு வேலையும் என் தலையில். கேட்க ஆளில்லாததால் கதையை எழுத வேண்டியிருக்கிறது.

ஈரக் கடதாசி மணம், பசை மணம், அதற்கு அடியில் கொஞ்சம் புளித்த ஆப்பிள் மணம். மணத்தையும் ருசியையும் உனக்கு எழுதிக் காட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று போகப் போகத் தெரியும். தெரியும் என்ன, உனக்கு முதலே தெரியும். தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

என் மனைவி இரண்டு தரம் குசினி வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டாள். "அவற்ரை முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடிஞ்சு ரெண்டு நாளாகேல்லை, திரும்பப் போத்தல் கழுவத் தொடங்கிட்டியளோ?" என்றாள். வேறு நேரமென்றால் அதற்கு நாலு பதில் வைத்திருப்பேன். இன்றைக்கு லேபிளின் மூலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பதில் சொல்லாததைக் கண்டு பயந்து போய், தேத்தண்ணி வைத்துத் தந்தாள்.

அந்தக் கொப்பி மேசையில் கிடக்கிறது. எங்கள் கொப்பி. நுவரெலியாவில் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் எங்களோடு படித்தவன் ஒருவன் அங்கே தோட்டப் பாடசாலைக்கு வாத்தியாராகப் போயிருக்க, அவனைப் பார்க்க இரண்டு பஸ் மாறி, குளிருக்கு என் மாமியாருடைய கம்பளியைக் களவாக எடுத்துப் போர்த்திக்கொண்டு போனோமே. அவன் கறுத்தப் பியர் ஒன்றை ஊற்றித் தந்தான். நீ ஒரு வாய் குடித்துவிட்டு, உன் இழுவைப் படகால் பெரிய கப்பலை இறங்குதுறைக்கு இழுத்து வரும்போது பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, "எரிஞ்ச பாண்" என்றாய். திரும்பவும் ஒரு வாய். "எரிஞ்ச பாண், அதிலை கொஞ்சம் கருப்பட்டி." நான் சொன்னேன், "எனக்குப் பியர் மாதிரித்தான் இருக்கு." அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேரில் நாக்கு உன்னிடமும் வாய் என்னிடமும் இருக்கிறதென்று.

அந்த வாத்தியாரிடம் ஒரு புதுக் கொப்பி கேட்டு வாங்கி, நீதான் கோடு போட்டாய். லேபிள், ஊர், யாருடைய வீடு, உன் புள்ளி, என் புள்ளி. புள்ளியும் ஓ.எல். சோதினை மாதிரி ஏ, பீ, சீ, எஸ்; ஏ ஆக மேலே, எஸ் ஆகக் கீழே. சட்டம் இரண்டு. முதலாவது, திருகோணமலைக்குள் குடித்தது ஒன்றும் கணக்கில்லை. "ஊரிலை குடிச்சா அது குடி. சிநேகிதன் வீட்டுக்குப் போய்ப் புதுசு குடிச்சா அது படிப்பு" என்பாய். இரண்டாவது, குடித்ததைத் திரும்பக் குடிக்கக் கூடாது. எவ்வளவு நல்லதென்றாலும் ஒருக்கால்தான்.

மற்றவன் காசில் குடித்ததில் முக்கால்வாசிக்கு நான் ஏ போட்டேன். நீ வருசக்கணக்காக ஒன்றுக்கும் போடவில்லை. உன்னுடைய ஆகக் கூடின புள்ளி பீ, அதுவும் கண்ணில் தண்ணி வராத குறையாகத்தான் போடுவாய். ஒருக்கால் நான் கோபித்துக்கொண்டு கேட்டதற்கு, "ஏ குடுத்தா தேடுற வேலை முடிஞ்சுது மச்சான். பிறகு என்னத்துக்குப் பஸ் ஏறுறது?" என்றாய்.

புதுச்சேரிப் பக்கங்களைப் பார்த்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிதம்பரத்துக்கு யாத்திரை போகிறோம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டு, புதுச்சேரியில் குடியேறின கூட்டாளியின் வீட்டில் நாலு நாள் படுத்துக் கிடந்தோம். ஒன்பது லேபிள். கடைசி நாள் சிதம்பரத்துக்கு ஓடி, நடை சாத்துகிற நேரத்தில் கும்பிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு வந்தோம். உன் வீட்டில் பையைத் திறந்து திருநீற்றை எடுத்த தங்கச்சி, அதன் அடியில் ஒட்டியிருந்த லேபிளையும் சேர்த்து உரித்தெடுத்து, சாமிப்படத்துக்குக் கீழே வைத்தாளாம். ஒரு கிழமையாக அது அங்கேயே இருந்ததென்றும், நீ அதைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் கும்பிட்டாயென்றும் சொன்னாய். உன் மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிடத் தொடங்கியது உன் கலியாண வீட்டில். உண்மையில் பயப்படத் தொடங்கியது அந்த லேபிளுக்குப் பிறகு.

சரி. சுத்தி வளைத்தது போதும். உன் எட்டாம் நாள் சடங்குக்கு வருகிறேன்.

நீ போய் ஆறாம் நாள். அன்புவழிபுரத்தில் உன் வீட்டு முற்றத்துக் கொட்டகைக்குக் கீழே இருந்து ஆட்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். செத்த வீட்டில் யாராவது ஒருவன் நாலு பேரைச் சிரிக்க வைக்கத்தான் வேண்டும் என்பது என் கொள்கை. அந்த உத்தியோகத்துக்கு ஊரில் என்னை விட்டால் ஆளில்லை. சொல்லும்போது எனக்கும் மூச்சு விடலாம் போல இருந்தது. நான் சொன்னது உன் நாக்குக் கதை. இங்கிலாந்திலிருந்து வந்த நாள் தொட்டு அதுதான் என்னிடம் நன்றாக விலைபோகிற சரக்கு. உப்புவெளியில் என்னுடைய மூன்று அறை விடுதிக்கு வருகிற வெள்ளைக்காரருக்குக்கூட இங்கிலீசில் சொல்லியிருக்கிறேன்.

கதை இதுதான். நேசன் எங்களை விசா எடுத்துக் கூப்பிட்டது உனக்கு நினைவிருக்கும். வேல்ஸ் எல்லைக்குக் கிட்ட, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஊரில் பெற்றோல் செட் வைத்திருக்கிற எங்கள் நேசன். மூன்றாம் நாள் ஒரு தோட்டக்காரனுடைய கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அந்த மனிசன் பீப்பாவிலிருந்து சைடர் பிடித்து மூன்று கிளாசில் தந்தான். ஆப்பிளைப் பிழிந்து புளிக்க வைத்த தண்ணி, மஞ்சள் நிறம், கொஞ்சம் கலங்கல். நான் ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஏ என்றேன். நீ ஒரு வாய் குடித்தாய். வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றாய். பிறகு, "மச்சான், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நாக்கு மரக்கட்டை மாதிரிக் கிடக்கு" என்றாய்.

தோட்டக்காரன் என்ன சொல்கிறாய் என்று கேட்டான். அதை நான் இங்கிலீசில் இப்படிச் சொன்னேன்: "என் சிநேகிதன் முப்பது வருசம் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டினவர். அவருடைய நாக்கு அரசாங்கச் சொத்து. அதை அங்கே ஒப்படைத்துக் கையெழுத்து வைத்தால்தான் வெளிநாட்டுக்கு விடுவார்கள்."

தோட்டக்காரன் பீப்பாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நேசன் சிரித்தான். நானும் சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

இதைத்தான் கொட்டகைக்குக் கீழே சொன்னேன். பதினைந்து மாதமாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் உன்னைப் போல முழிக்க வேண்டும் என்றெல்லாம் பழகியிருந்தேன். ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது தங்கச்சி வாசற்படியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"அண்ணை, ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ."

போனேன். "நாளையிண்டைக்கு எட்டு" என்றாள். "நண்டு சொல்லியாச்சு. கணவாய் சொல்லியாச்சு. குடி ஒண்டு வைக்கவேணும். சித்தப்பா சாராயம் வை எண்டுறார். அவர் சாராயம் தொட்டதை நான் காணேல்லை. உங்களோடதானே ஊரூராத் திரிஞ்சவர். அவருக்கு ஆக விருப்பமான குடி எது? அதைச் சொல்லுங்கோ, எங்கை எண்டாலும் எடுப்பிப்பம்."

எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து இலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது நாங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்த வழக்கம். பசியோடு வந்தவர் பார்த்துத் திருப்திப்பட்டுப் போகவேண்டும். பிழையானதை வைத்தால் ஏமாந்து போவார் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நானும் நீயும் அதைப் பகிடி பண்ணியிருக்கிறோம். அன்றைக்குத் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தபோது பகிடி வரவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "இதென்ன பெரிய வேலை தங்கச்சி, கொப்பியைப் பாத்தாச் சரி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்தேன். எனக்கு நினைவிருந்தது, இங்கிலாந்தில் நீ ஏ போட்டாய்! இருபத்தொரு வருசம் பிடிவாதம் பிடித்தவன் கடைசியில் நேசன் வீட்டில் மூன்று ஏ போட்டாய். அப்போது நான் உன் தோளில் தட்டி, "இப்பதான்டா உனக்குப் புத்தி வந்திருக்கு" என்றேன். அந்த மூன்றில் ஒன்றை நேசனிடம் சொல்லி யாரிடமாவது கொடுத்துவிட ஏலாதா, கொழும்பில் கிடைக்காதா என்று யோசித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன்.

மூன்று ஏ. மூன்றும் நான் ஏ போட்ட இடம்.

சரி, நல்லது நல்லதுதானே என்று நினைத்தேன். கீழே பார்த்தேன். நான் எஸ் போட்ட இடத்தில் நீ எஸ். நான் சீ போட்ட இடத்தில் நீ சீ. பேரிக்காய்ச் சைடர் என்று ஒன்று, எனக்கு வயிற்றைப் பிரட்டியது, ஆனாலும் நேசனுடைய மனைவி பக்கத்தில் நின்றதால் மரியாதைக்கு பீ போட்டேன். அதற்கும் நீ பீ. மச்சான், எங்கள் சரித்திரத்தில் நீ நான் சொன்னதற்கு ஓம் என்றதே கிடையாது. நுவரெலியாவிலிருந்து புதுச்சேரி வரைக்கும் ஒரு வரிசையில்கூட இரண்டு பேருடைய புள்ளியும் பொருந்தவில்லை. நான் ஏ என்றால் நீ எஸ், நான் எஸ் என்றால் நீ பீ. பொருந்தினால் எங்களுக்குக் கதைக்க என்ன இருக்கிறது?

பின்னுக்குத் திருப்பினேன். இங்கிலாந்து மட்டுமில்லை, அதற்கு முதல் விமானம் ஏறப்போன நாள் கொழும்பு வெள்ளவத்தையில் கூட்டாளி வீட்டில் குடித்த இரண்டும் அதேதான். அதற்கு முந்தின மட்டக்களப்புப் பக்கத்தில் நீ நீயாக இருக்கிறாய். ஏதோ ஒன்றுக்கு எஸ் போட்டு, "வாய்க்காரனுக்கு இனிப்பாத்தான் இருக்கும்" என்று எனக்கு ஏசியும் எழுதியிருக்கிறாய். அதற்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் எங்கேயோ, மூன்று நாலு மாதத்துக்குள், உன் நாக்கு உன்னை விட்டுப் போயிருக்கிறது. நீ கிளாசை வாயில் வைத்துவிட்டு என் மூஞ்சியைப் பார்த்திருக்கிறாய். என் மூஞ்சியைப் பார்த்துப் புள்ளி போட்டிருக்கிறாய்.

ஒரேயொரு வரிசையில் மட்டும் உன் கட்டம் வெறுமை. தோட்டக்காரனுடைய கொட்டில். என் புள்ளி ஏ. உன் பக்கத்தில் ஒன்றுமில்லை. வெறி ஏறி மறந்துபோய்விட்டாய் என்று நான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

நேசனுக்குப் போன் அடித்தேன். அங்கே காலை, கடையில் ஆட்கள் நிற்கிற சத்தம் கேட்டது.

"டேய், அந்தக் கொட்டில்ல அவன் நாக்கு மரக்கட்டை எண்டு சொன்னவன் எல்லோ. பிறகு ஏதும் உன்னட்டைச் சொன்னவனோ?"

"இல்லையே. நீ அரசாங்கச் சொத்து எண்டு பகிடி விட்டனி. அதோட முடிஞ்சுது."

"காருக்குள்ளை?"

"காருக்குள்ளை நீ பின்னாலை குறட்டை. அவன் முன்னுக்கு இருந்தவன். ஒண்டும் கதைக்கேல்லை. ஒருக்கா மட்டும் உன்னைத் திரும்பிப் பாத்திட்டு, 'அவன் சிரிச்சதைப் பாத்தனியோ' எண்டு கேட்டவன். நான் ஓம் எண்டன். நல்லாச் சிரிச்சவன் எண்டன்." நேசன் கடைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "ஏன்டா கேக்கிறாய்?"

நான் போனை வைத்துவிட்டேன். வைத்துவிட்டு என்ன செய்தேன் என்று கேட்காதே. கடற்கரைக்குப் போனேன். நின்றேன். திரும்பி வந்தேன். திரும்பவும் போனேன். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள், "அண்ணைக்கு என்ன, எதும் துலைஞ்சு போச்சோ?" என்று கேட்டார்கள். ஓம் என்றேன். தேடித் தரட்டோ என்றார்கள்.

ஏழாம் நாள் பின்னேரம் தங்கச்சியிடம் போனேன். இரண்டு பெண்டுகள் முற்றத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன். ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். "தங்கச்சி, கொப்பியிலை இருக்கிறது அவன்ரை புள்ளி இல்லை. அது என்ரை. அவனுக்கு ருசி தெரியேல்லை. எனக்கு அது விளங்கேல்லை" என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "எனக்குத் தெரியும் அண்ணை" என்றாள். "குழம்புக்கு உப்புக் காணுமோ எண்டு கேட்டா, என்ரை மூஞ்சியைப் பாத்திட்டுத்தான் ஓம் எண்டுவார். ஒருநாள் உப்பே போடாம வைச்சனான். நல்லாருக்கு எண்டு திண்டார். அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு நாள் எடுத்தனான்."

"எப்ப?"

"நீங்கள் வெளிக்கிட்ட கிழமைக்கு. விசா கிடைச்சிருக்கு, ரிக்கெற் எடுத்தாச்சு, வந்து பாப்பம் எண்டவர்." தங்கச்சி கிணற்றுக் கட்டில் இருந்த கடகத்தை எடுத்து மற்றப் பக்கம் வைத்தாள். "போறது எண்டா உங்களுக்கெண்டாலும் சொல்லச் சொன்னனான். நீங்கள் நாலு இடம் போய்வாற ஆள், ஏதும் யோசனை சொல்லுவியள் எண்டு. வந்தவுடனை கேட்டன், அண்ணைக்குச் சொன்னீங்களோ எண்டு. சொன்னனான் எண்டார். அண்ணை என்ன சொன்னவர் எண்டு கேட்டன்."

நான் கேட்கவில்லை. அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. விட்டிருந்தால் அவள் தங்கச்சி இல்லை.

"அவன் சிரிச்சவன். அவனே சிரிச்சா, அப்ப பெரிசா ஒண்டும் இருக்காது எண்டார்."

மச்சான், என் சிரிப்பை நீ வைத்தியச் சான்றிதழாக எடுத்துக்கொண்டாயா? எவ்வளவு முட்டாள் நீ! என் வாயிலிருந்து வந்த எதையாவது அதற்கு முதல் ஒரு நாளாவது நம்பியிருக்கிறாயா? கறுத்தப் பியரைப் பற்றிக்கூட என்னை நம்பாதவன், உன் சொந்தத் தொண்டைக்குள் வளர்ந்ததைப் பற்றி என்னை ஏனடா நம்பினாய்?

பிறகும் ஒரு மாதம் போய்த்தான் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்று சொன்னாள். டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப இருந்து?" நீங்கள் இரண்டு பேரும் விரலை மடித்து மடித்து எண்ணினீர்களாம். பொங்கலுக்கு முதலா, பிறகா? ஒத்து வரவில்லையாம். நேரத்தோடு வந்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்று அவள் பிறகொரு நாள் கேட்டதற்கு, அதைச் சொல்ல ஏலாது என்றாராம் டொக்டர். ஓம் என்று சொல்லியிருந்தால் நான் என்னைக் குற்றவாளி என்று எழுதிவிட்டு இருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் மூச்சு விட்டிருப்பேன். 'சொல்ல ஏலாது' என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனிசன் என்ன செய்வது? அது நெஞ்சில் இறங்கவும் மாட்டேன் என்கிறது, வெளியே வரவும் மாட்டேன் என்கிறது. மீன் முள் மாதிரி.

"அப்ப எட்டுக்கு என்னத்தை வைக்கிறது அண்ணை?" என்று தங்கச்சி கேட்டாள். கேள்வி அப்படியேதான் இருந்தது. சனம் வரும். இலை போட வேண்டும்.

அப்போதுதான் அலுமாரிக்கு மேலே இருந்த போத்தல் நினைவுக்கு வந்தது. அந்தத் தோட்டக்காரன், என் பகிடிக்கு மகிழ்ந்து, நாங்கள் வெளிக்கிடும்போது ஒரு போத்தலில் அடைத்து, வீட்டிலே அச்சடித்த லேபிளோடு தந்தானே. என் வேட்டிக்குள் சுத்தி, பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்தது. நீ கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "வா மச்சான், சுகமா வந்து அதை உடைப்பம்" என்றேன். அதற்குள் உன் குரல் கம்மிப் போயிருந்தது. "அதைத் திறக்காதை" என்றாய். "அதுக்கு நான் இன்னும் புள்ளி போடேல்லை." நான் அதையும் பகிடி என்றுதான் எடுத்தேன். அந்தப் பயணத்தில் நீ பொய் சொல்லாத ஒரே வரிசை அது என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, நான் ஏதாவது கேட்பேன் என்று அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு வைத்திருந்தாய். நான் கேட்கவில்லை. அடுத்த போத்தலிலிருந்து திரும்பவும் என் மூஞ்சியைப் பார்த்துப் போடத் தொடங்கினாய்.

எட்டாம் நாள் மத்தியானம் அதை உன் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். நண்டுக் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், மரவள்ளிக்கிழங்கு, கச்சான் கடலைச் சுருள் ஒன்று. தங்கச்சி உன் கிளாசைக் கழுவித் தந்தாள். நானே ஊற்றினேன். நுரை எழும்பி விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. கதவைச் சாத்தினோம். எல்லோரும் முற்றத்தில் வெயிலுக்குள் நின்றோம். கூரையில் காகங்கள். இந்த மாதிரி நேரத்தில்தான் எனக்கு வாயில் நல்ல நல்ல கதையெல்லாம் வரும். ஆட்களும் என்னைப் பார்த்தார்கள், இப்போது ஏதும் சொல்வான் என்று. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவைத் திறந்ததும் சித்தப்பா முதல் ஆளாக உள்ளே போய்க் குனிந்து பார்த்தார். "பிள்ளை, இஞ்சை வந்து பார்! ஒரு விரற்கடை குறைஞ்சிருக்கு!"

நுரை அடங்கினால் குறையத்தான் செய்யும். அது எனக்குத் தெரியும். தொழில் தெரிந்தவன் நான் ஒருவன்தான் அங்கே நின்றேன். தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள், உண்மையோ என்று கேட்கிற மாதிரி. நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையிலேயே வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் விழுங்கின முதல் தரம், மச்சான். பதினைந்து மாதம் பிந்திப் போச்சு.

மிச்சத்தை எனக்குத்தான் தந்தார்கள். குடித்தேன். குடிக்க முதல், அந்தக் கொட்டிலில் எனக்கு ஏ என்பதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை என்பது நினைவுக்கு வந்தது. இப்போது எல்லாம் தெரிந்தது. முதலில் பச்சை ஆப்பிள். பிறகு ஈர மரம். பிறகு புகை மாதிரி ஒன்று, தோல் செருப்பு மாதிரி ஒன்று, கடைசியில் நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் உப்பு. உப்பு என்னுடையதாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றாக, நீ சொல்வது போல, வரிசையாக வந்தது. யாரிடம் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். உன் நாக்கு என் வாய்க்குள் வந்து இருந்தது போல இருந்தது. அது எனக்கு வேண்டாம். உன்னுடையதை நீயே வைத்துக்கொள்.

லேபிள் கழன்றுவிட்டது. இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். நெருடவில்லை, அதுவாகவே கழன்று தண்ணீரில் மிதக்கிறது. ஒரு மூலையும் கிழியவில்லை. காய வைத்து அந்த வரிசையில் ஒட்டுவேன். என் ஏயைக் கோடு போட்டு வெட்டிவிட்டேன். நான் அன்றைக்கு அதை ருசித்துப் போட்டதில்லை. உன் கட்டத்தை அப்படியே விடுகிறேன்.

எட்டுக்குப் பிறகு நான் ஒரு பைத்தியக்காரன் மாதிரித் திரிகிறேன் என்று ஊரில் கதை. உண்மைதான். யார் எதைச் சொன்னாலும் எனக்கு ஒரே கேள்விதான் வருகிறது. மீன்காரன் தோளைத் தடவிக்கொண்டு "கொஞ்சம் கொளுவுது ஐயா" என்றான். எப்ப இருந்து என்று கேட்டேன். மீன் வாங்க வந்த மற்றவர்கள் காத்திருக்க, அவனை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அரைமணித்தியாலம் மல்லுக்கட்டினேன். பஸ் கொண்டக்டர் இருமினான், எப்ப இருந்து என்றேன். விடுதியில் நிற்கிற வெள்ளைக்காரி தலையிடி என்றாள், அவளையும் விடவில்லை. நேற்று என் மனைவி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "உங்களுக்கு இந்த விசர் எப்ப இருந்து?" என்று கேட்டாள். சிரிப்பு வந்தது. பாதி வழியில் நின்றுவிட்டது.

கேட்க வேண்டியவனிடம் கேட்காத கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்தால், அது வழியில் கண்டவனிடம் எல்லாம் இறங்கப் பார்க்கும் போலிருக்கிறது. ஒருவனிடமும் இறங்குகிறதில்லை. நான் அந்தக் கொட்டிலுக்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன். தோட்டக்காரன் என்ன சொல்கிறாய் என்று கேட்டபடி நிற்கிறான். நேசன் சிரிக்க ஆயத்தமாக என் வாயைப் பார்க்கிறான். நீ கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டு, நாக்கு மரக்கட்டை மாதிரிக் கிடக்கு என்கிறாய். பகிடி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, என் கிளாசைப் பீப்பாவின் மேல் வைத்துவிட்டு, உன் பக்கம் திரும்புகிறேன்.

எப்ப இருந்து, மச்சான்?